அப்பா என்னும் சொல்: அரமேயமும் தமிழும்

மதுரையில் அன்பர் ஒருவர், "இயேசுநாதர் இறைவனை அழைத்த 'அப்பா' என்பது நம் தமிழ்ச் சொல்லே, ஆகலின் அவர் வழிபட்டதும் நம் அம்மையப்பனையே" என்று எம்மிடம் பெருமகிழ்வுடன் கூறினர். 1606இல் தத்துவபோதகர் எனப்பட்ட நொபிலி பாதிரியார் மதுரைக்கு வந்த நாள்தொட்டு இத்தகைய சொல்லாராய்ச்சி இந்நகர்க்குப் புதிதன்று. அன்பரது சமயப் பற்றினைப் போற்றுகின்றாம். அவர் கூற்றினைப் போற்ற இயலவில்லை. காரணத்தை ஈண்டு ஆராய்வாம்.

விவிலியத்தின் பழைய ஏற்பாடு பெரும்பாலும் எபிரேயத்திலும், புதிய ஏற்பாடு கிரேக்கத்திலும் அமைந்தன. இவற்றிடையே அரமேயம் என்னும் மொழியும் ஊடுருவி நிற்கின்றது. பாரசீகப் பேரரசின் ஆட்சிமொழியாய் விளங்கிய அது நாளடைவில் யூதர் நாவிலும் குடிகொண்டது. தானியேல் நூலில் 2ஆம் அதிகாரத்து 4ஆம் வசனத்தின் இடைமுதல் 7ஆம் அதிகாரத்து இறுதிவரையும், எஸ்றா நூலின் சில பகுதிகளும் அம்மொழியிலேயே உள்ளன. மறைமொழியாகிய எபிரேயம் பொதுமக்கட்கு விளங்காதொழிந்த காலத்து, தொழுகைக்கூடங்களில் அதனை ஓதி, அரமேயத்தில் பொருள் விரித்தனர். அவ்வாறு எழுந்தவை தர்கும் எனப்படும். இயேசுநாதர் பேசியதும் அரமேயமே என்பது அறிஞர் பெரும்பாலார் துணிபு.

அதனாலன்றோ கிரேக்கத்தில் எழுந்த மாற்குவின் நூலில் தலீத்தாகூமி, எப்பத்தா முதலியன பொருள்விளக்கத்தோடு நிற்கின்றன! 'அப்பா'வும் அத்தகையதே. மாற்கு 14:36, ரோமர் 8:15, கலாத்தியர் 4:6 என்னும் மூன்றிடத்தும், தந்தை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல் அதனைத் தொடர்ந்து வருகின்றது.

என்றி பவர் முதலியோர் திருத்தி 1871இல் முழுமையாக வெளிவந்த தமிழ் விவிலியம் 'அப்பா' என்பதனை அவ்வாறே நிறுத்தி, கிரேக்கச் சொல்லைப் 'பிதா' எனப் பெயர்த்தது. ஒலியைக் காத்தது நன்றே. ஆயினும் தலீத்தாகூமி அயற்சொல் என்பது கண்டவுடன் புலனாக, 'அப்பா' தமிழுக்குள் மறைந்துபோயிற்று. கற்போர் அதனைத் தமிழும் வடமொழியும் அடுக்கிய ஒருபொருட் பன்மொழி எனவே கொள்வர். ஆண்டு ஒரு சிறு குறிப்பு அமைந்திருப்பின் அன்பரும் மயங்கியிரார்.

அற்றேல், ஒலியும் பொருளும் ஒத்தலின் இரண்டும் ஒருசொல்லே எனின், அற்றன்று. அரமேயத்தில் 'அப்' என்பதே தந்தை. இறுதி ஆகாரம் அம்மொழிக்குரிய ஈறு. எபிரேயத்தும் அரபியிலும் அதன் உறவுச் சொற்கள் உள. தமிழிலோ 'அப்பன்' என்பது விளியேற்று 'அப்பா' என்றாகும். குழவியின் வாயில் இதழொலிகள் எளிதிற் பிறத்தலின், உறவில்லாத மொழிகளிலும் பெற்றோர்ப் பெயர்கள் ஒத்திருத்தல் இயல்பு. சாலோமோன் மன்னன் கப்பல்கள் கொணர்ந்த மயிலுக்கு எபிரேயத்தில் வழங்கும் 'துக்கி' என்னும் பெயரைத் தமிழ்த் 'தோகை'யின் திரிபென அறிஞர் பலர் கருதுவர். அது பொருந்தும், சரக்கோடு சொல்லும் கப்பலேறும். தந்தையை அழைக்கும் சொல்லையோ எவரும் எளிதிற் கொள்முதல் செய்யார்.

இறைவனை அப்பனென அழைக்கும் அன்பு இருசாரார்க்கும் பொது; சொல் பொதுவன்று. நாவுக்கரசரை ஞானசம்பந்தப் பிள்ளையார் 'அப்பரே' என அழைத்த அருமையை உணர்தற்கு அரமேயச் சான்று நமக்கு வேண்டா. அனல்வாதமும் புனல்வாதமும் நிகழ்ந்ததாகப் பெரியபுராணம் போற்றும் மதுரையில், நாம் காட்டும் சான்று தீயில் வேகாததாய், நீரில் எதிரேறுவதாய் இருத்தல் வேண்டும். அன்பினாற் கூறினும் பொருந்தாச் சான்று பொருந்தாததே.