கிலோ ரேட்டில் கரையும் லாபம்

கோவையில் ஒரு பவுண்டரிக்கு காஸ்டிங் ஆர்டர் வந்தால் முதலில் பேசுவது கிலோ ரேட்டைத்தான். பிக் அயர்ன், ஸ்கிராப், கரன்ட், கூலி, கழிவு எல்லாவற்றையும் கூட்டி, மேலே ஒரு பங்கு லாபம் வைத்துக் கிலோவுக்கு இவ்வளவு என்கிறார்கள். இந்த வழக்கத்தைப் பழசு என்று தள்ளிவிட முடியாது. வாங்குபவரும் விற்பவரும் ஒரே கணக்கைப் பார்த்துப் பேசுகிறார்கள். இரும்பு விலை ஏறினால் ரேட்டை உயர்த்திக் கேட்க நியாயமும் கிடைக்கிறது. விலை போடுவதற்கென்று தனி ஆள் வைக்க முடியாத சிறு பட்டறைக்கு இது பெரிய வசதி.

கோளாறு எங்கே என்று பார்க்க, ஒரு பம்பு இம்பெல்லரை எடுத்துக்கொள்வோம். எடை குறைவு. ஆனால் உள்ளே வளைந்து செல்லும் மெல்லிய வழிகளுக்கு மணலில் கோர் (உள் அச்சு) செய்ய வேண்டும். கோர் சற்று நகர்ந்தாலே சுவரின் கனம் மாறி, காஸ்டிங் ரிஜெக்ட் ஆகும். பக்கத்திலேயே வார்க்கும் எதிர் எடை வெறும் இரும்புக் கட்டி, கோரே கிடையாது. ஒரே கிலோ ரேட்டில் இரண்டையும் எடுத்தால், கட்டியில் கிடைக்கும் லாபத்தை இம்பெல்லர் தின்றுவிடும். வடிவமைப்பைத் திருத்தி 5 கிலோ காஸ்டிங்கை 4 கிலோவாக்கினால் பம்பு கம்பெனிக்கு ஆதாயம். மோல்டிங் வேலை அப்படியே இருக்க, பவுண்டரியின் வரவு மட்டும் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. திறமைக்கு அபராதம் விதிக்கும் இந்தக் கணக்கு எனக்கு ஏற்புடையதல்ல.

விலையில் சிறு மாற்றம் லாபத்தை எவ்வளவு அசைக்கிறது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. 100 ரூபாய் விற்பனையில் 8 ரூபாய் லாபம் என்று வையுங்கள். ஆர்டர் குறையாமல் விலை 1 சதவீதம் ஏறினால் லாபம் 12.5 சதவீதம் கூடும். ஆர்டரைப் பிடிக்க 5 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் 8 ரூபாய் 3 ரூபாயாகிவிடும்.

அமெரிக்காவின் பார்க்கர் ஹன்னிஃபின் நிறுவனமும் தன் லட்சக்கணக்கான உதிரிபாகங்களுக்கு அடக்க விலையின் மேல் லாபம் வைத்தே விற்றுவந்தது. 2001-ல் தலைமைக்கு வந்த டொனால்ட் வாஷ்கெவிச் அதை மாற்றினார். போட்டி மிகுந்த சரக்குக்குச் சந்தை விலை. வேறு யாரிடமும் கிடைக்காத பாகத்துக்கு, அதனால் வாடிக்கையாளர் பெறும் பயனுக்கேற்ற விலை. 2002-ல் சுமார் 13 கோடி டாலராக இருந்த நிகர லாபம் 2006-ல் 67 கோடியைத் தாண்டியது. அந்த ஆண்டுகளில் சந்தையும் மீண்டெழுந்ததால் எல்லாப் புகழையும் விலைக்கே கொடுக்க முடியாது. வேறு வழியில்லாத வாடிக்கையாளரிடம் கூடுதலாக வாங்கினால், அவர் அன்றே இன்னொரு சப்ளையரைத் தேடத் தொடங்குவார் என்ற ஆபத்தும் உண்டு.

ஒரே கம்பெனியை நம்பி ஓடும் பவுண்டரிக்கு அந்த வழி அப்படியே பொருந்தாது. உலோகத்துக்கு மட்டும் கிலோ கணக்கை வைத்து, அதை மூலப்பொருள் விலையோடு ஏறி இறங்கவிடலாம். கோர், மோல்டிங், சோதனை ஆகியவற்றுக்குப் பீஸ் கணக்கில் தனி விலை கேட்கலாம். அப்படிக் கேட்க, எந்த காஸ்டிங்குக்கு எத்தனை மணி நேரம் போகிறது, எத்தனை ரிஜெக்ட் ஆகிறது என்று பீஸ் வாரியாகப் பதிவு வேண்டும். பல பட்டறைகளில் மாத முடிவில் மொத்த டன் கணக்கு மட்டுமே இருக்கிறது.