கடைசிப் புள்ளி வரை

பெயரைக் கேட்டால் ஐபி முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் சர்வரை வீட்டுக்குள் அமைக்கப் பழைய லினக்ஸ் கணினி ஒன்று போதும். கிளமெண்டி நிலையத்தை ஒட்டிய வீவக வீட்டில் அது செருப்பு அலமாரிமேல், ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். உயர்பாதையில் போகும் எம்ஆர்டி ரயிலின் இரைச்சலில் அதன் முனகல் கேட்பதே இல்லை. அழகெல்லாம் பைண்ட் மென்பொருளின் ஸோன் கோப்பில்தான். பிரிண்டர், கேமரா, கூடத்து டிவி என ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், எதிரே ஐபி முகவரி. நெருக்கமாகத் தொடுத்த மல்லிகைச் சரம்போல் வரிகள் பிசிறில்லாமல் நிற்கும். முழுப் பெயரின் கடைசியில் புள்ளி வைத்தாக வேண்டும். விட்டால் ஸோன் பெயர் இன்னொரு முறை வாலாக ஒட்டிக்கொள்ளும். கோப்பைத் திருத்தும்போதெல்லாம் அதிலுள்ள வரிசை எண்ணையும் கூட்ட வேண்டும் (துணை சர்வர் இல்லாத வீட்டில் இது வெறும் நல்ல பழக்கம்தான்).

கோப்பைச் சரிபார்க்கும் கட்டளை ‘ஓகே’ என்றதும், டிக் கட்டளையைக் கொண்டு 2011 முதல் இணையத்தில் இருக்கும் ‘.சிங்கப்பூர்’ என்ற தமிழ் உச்சப் பெயரையே விசாரிக்கலாம். முதல் முறை வெளியே போய்க் கேட்டு வரும் தாமதம் தெரியும். மறுமுறை சர்வர் தன் நினைவிலிருந்தே சொல்லிவிடும். கேள்வி நேரம் பெரும்பாலும் 0 மில்லிசெகண்ட்.