14 என்கிற எண்ணை எவ்வளவு நம்பலாம்?

அமெரிக்காவில் சிப்பி வளர்க்கும் கடற்பகுதிகளுக்கு ஒரு எண் உண்டு: 14. 100 மில்லி கடல்நீரில் மலக் கோலிஃபார்ம் பாக்டீரியாவின் பெருக்குச் சராசரி அதைத் தாண்டக்கூடாது. தாண்டாமல் இருந்து, கரையோர ஆய்விலும் தேறினால், அங்கே எடுத்த சிப்பியைப் பச்சையாகவே விற்கலாம்.

முதலில் அந்தச் சராசரி. நாலு தடவை 5, மழைக்குப் பிறகு ஒரு தடவை 500 வந்ததுன்னு வைங்க. சாதாரண சராசரி 104. பெருக்குச் சராசரியோ 13-க்கும் கீழே. பாஸ்! நியாயமாகச் சொன்னால், இந்த ஓட்டையை அடைக்க இன்னொரு விதி இருக்கு: 90-ஆவது சதமானம் 43-க்கு மேல் போகக்கூடாது. மாதிரிகளும் குறைந்தது 30 வேண்டும். ஆக, கணக்கில் பெரிய குறை இல்லை.

என் சண்டை வேறு. 1924-25 குளிர்காலத்தில் சிகாகோ, நியூயார்க், வாஷிங்டன் நகரங்களில் சிப்பியால் டைபாய்டு பரவி, சுமார் 1500 பேர் படுத்தார்கள், 150 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் இந்தக் கண்காணிப்பு. டைபாய்டும் பாக்டீரியா, கோலிஃபார்மும் பாக்டீரியா. அன்றைக்கு அது சரியான அளவுகோல்.

இன்றைக்குச் சிப்பி சாப்பிட்டவர்களை வாந்தி, வயிற்றுப்போக்கில் தள்ளும் முக்கியமான ஆள் நோரோவைரஸ். சிப்பியைச் சுத்தமான நீரில் போட்டால் ஈ.கோலி இரண்டு நாளில் பெரும்பாலும் வெளியேறிவிடும். நோரோவைரஸ் அதன் குடலில் ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் இருக்கும். ஐரோப்பியர்கள் நீரை விட்டுவிட்டுச் சிப்பியின் சதையையே சோதிக்கிறார்கள். அது ஒரு படி மேல்தான். ஆனால் அவர்களும் எண்ணுவது ஈ.கோலியைத்தான். எது சீக்கிரம் கிளம்புமோ அதைத் தேடிப் பார்த்து, வீடு காலின்னு எழுதிக் கொடுக்கிற மாதிரி. (கடல் சூடாகும்போது தானே பெருகும் விப்ரியோ வேறு கதை. அதற்குச் சாக்கடையே தேவையில்லை.)

இந்த வரம்பு அமெரிக்கக் கையேட்டை எழுதியவர்களுக்கும் தெரியும். பெரிய கழிவுநீர்க் கசிவுக்குப் பிறகு மூடிய பகுதியைத் திறக்க, கோலிஃபார்மை மட்டும் பார்த்தால் போதாது என்கிறார்கள். 21 நாள் காத்திரு, இல்லாவிட்டால் ஒரு வாரமாவது பொறுத்து, சிப்பிச் சதையில் கோலிஃபேஜ் என்ற வைரஸை எண்ணிப் பார் என்கிறார்கள். நெருக்கடியில் நம்பாத ஒன்றை, மற்ற நாட்களில் மட்டும் ஏன் முன்னால் நிறுத்தணும்?