இடம் காத்திருக்கும், பாடம் காத்திருக்காது

படிக்கும் வயதுப் பிள்ளையைச் சீருடை அணிய நாடு அழைத்தால், அந்தப் பிள்ளையின் படிப்புக்கு யார் பொறுப்பு? கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத் தமிழ்க் குடும்பங்கள் இந்தக் கேள்வியோடு வாழ்ந்து பார்த்தவர்கள். 2004இல் மலேசியாவில் தொடங்கிய தேசிய சேவைப் பயிற்சி, 2015இல் ஓராண்டு நின்று, 2018இல் கைவிடப்பட்டது. 2025 ஜனவரியில் அது புதிய வடிவில் திரும்பியிருக்கிறது.

பழைய திட்டம் பதினெட்டு வயதினரில் ஒரு பகுதியினரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து மூன்று மாதம் முகாமில் வைத்தது. புதிய திட்டம் 45 நாள்தான்: 30 நாள் அடிப்படை இராணுவப் பயிற்சி, 15 நாள் குடியியல் பாடம். இது போர்முனைக்கான அழைப்பு அன்று. ஆனாலும் அழைக்கப்பட்டவரின் படிப்பைக் கல்லூரி எப்படிக் காக்கிறது என்பதே இங்கும் கேள்வி.

இந்த முறையின் பெரிய பலம், அழைக்கும் காலம். எஸ்.பி.எம். எனும் இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு முடிந்து கல்லூரி தொடங்குவதற்கு முன்னுள்ள இடைவெளியில் பயிற்சியை முடித்துவிட்டால், எந்த வகுப்பும் தடைபடாது. பழைய திட்டத்தில் தள்ளிவைக்கக் கேட்டு விண்ணப்பிக்கவும் வழி இருந்தது. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி தானா ராத்தாவிலோ ரிங்லெட்டிலோ இடைநிலைப்பள்ளியை முடித்த பிள்ளைக்கு, பிற இனத்தவரோடு ஒரே கூரையின் கீழ் தங்கிப் பழகும் முதல் வாய்ப்பும் இந்த முகாமே. இந்த நன்மையைக் குறைத்து மதிப்பிட முடியாது.

குறை எங்கே? பழைய திட்டத்தில் ஆண்டுக்கு ஒரே தொகுதி இல்லை. முதல் தொகுதியில் போனவர் தேர்வு முடிவு வெளிவரும் காலத்தில் வீடு திரும்பினார். அடுத்த தொகுதிகளில் அழைக்கப்பட்டவருக்கோ ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன், பொலிடெக்னிக் சேர்க்கையும் முகாமும் ஒன்றோடொன்று மோதின. தள்ளிவைக்கக் கேட்டு எழுத வேண்டிய பொறுப்பு மாணவர் தலையில் விழுந்தது. முகாமுக்கு வராதவருக்கு 3,000 வெள்ளி வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்பதை எல்லோரும் அறிந்திருந்தார்கள். முகாமிலிருந்து திரும்புபவருக்குக் கல்லூரியில் என்ன உரிமை என்பதை எடுத்துச் சொன்னவர்கள் எத்தனை பேர்?

இன்னொரு இழப்பு கணக்கிலேயே வருவதில்லை. எஸ்.பி.எம். முடிந்த மாதங்கள் மலையில் சம்பாதிக்கும் மாதங்கள். காய்கறித் தோட்டத்தில், பூக்கொட்டகையில், பிரிஞ்சாங் கடைகளில் வேலை செய்து சேர்க்கும் பணத்தில்தான் பதிவுக் கட்டணம், மருத்துவப் பரிசோதனை, தாப்பாவுக்கு இறங்கும் பஸ் செலவு, விடுதிக்கான தலையணை, போர்வை எல்லாம் அடங்கும். கொழுந்தின் எடைக்குக் கூலி வாங்கும் வீட்டில் இந்தப் பணத்துக்கு மாற்று கிடையாது. கல்லூரி இடத்தைக் காப்பாற்றிக் கொடுத்தாலும், அந்த இடத்தில் போய் உட்காரக் கையில் பணம் வேண்டுமே.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன? சிங்கப்பூரில் ஆண்களுக்கு இரண்டு ஆண்டு முழுநேரச் சேவை கட்டாயம். முன்கூட்டியே பல்கலைக்கழக இடம் பெற்றவருக்குச் சேவை முடியும் வரை அந்த இடம் ஒதுக்கி வைக்கப்படுகிறது. இது வலுவான உறுதி. ஆனால் இரண்டு ஆண்டு கணக்கைத் தொடாத கை திரும்ப நுண்கணிதத்துக்குப் பழக வேண்டும். இடம் காத்திருந்தது என்பதால் பாடமும் அப்படியே நினைவில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

அமெரிக்கக் கூட்டரசு விதி இங்கே ஒரு படி முன்னே நிற்கிறது. படைச் சேவைக்காகப் படிப்பை விட்டவரை, மொத்த இடைவெளி ஐந்தாண்டுக்குள் இருந்தால், பொதுவாக அவர் விட்ட அதே கல்வி நிலையில் திரும்பச் சேர்க்க வேண்டும். அதே பாடத்திட்டத்துக்குத் திரும்புபவரிடம் முதல் ஆண்டில் பழைய கட்டணத்துக்கு மேல் பொதுவாகக் கேட்கக் கூடாது. பாடத்துக்கு அவர் தயாராக இல்லையென்றால், கூடுதல் செலவின்றித் தயார்ப்படுத்தக் கல்லூரியே முயல வேண்டும். அங்கும் ஓட்டை உண்டு: பருவத்தின் நடுவில் அழைப்பு வந்தால் கட்டிய பணமும் பாதி முடித்த பாடமும் என்னவாகும் என்பது மாநிலத்துக்கு மாநிலம், கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடுகிறது. ஆயினும் பொறுப்பு நிறுவனத்துடையது என்று எழுத்தில் சொன்னதே அதன் சிறப்பு.

மலேசிய முறை காலத்தைச் சரியாகத் தேர்ந்தது, பொறுப்பைத் தவறான தோளில் வைத்தது என்பதே என் முடிவு. 45 நாள் குறுகியதுதான். ஆனால் திட்டம் விரியும்போது சேர்க்கை நாளோடு மோதும் பிள்ளைகள் மீண்டும் வருவார்கள். அழைப்புக் கடிதம் போகும் அதே நாளில் கல்லூரிக்கும் தகவல் போகட்டும். மாணவர் கேட்காமலே இடம் காக்கப்படட்டும். பதிவுக் கட்டணத்துக்குத் தவணையும் தவறிய வகுப்புகளுக்கு ஈடும் விதியாகட்டும். அழைக்க அரசுக்குச் சட்டம் இருக்கிறது. திரும்பி வரும் பிள்ளைக்கும் ஒரு சட்டம் வேண்டும்.