அகதி: குணமா, நேர்ந்ததா?

1990 ஒக்டோபர் வெளியேற்றம் பற்றி நம்மவர் எழுதிய கதை, கவிதை, ஆய்வுகளில் ‘அகதி’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. நிலைமையைக் குறிக்க வந்த சொல் இன்று ஆளையே குறிக்கத் தொடங்கிவிட்டது என்பதுதான் என் முறைப்பாடு.

நன்னூலார் பெயர்களைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என ஆறாக வகுத்தார். ஒரு பெயர் எதிலிருந்து பிறந்தது என்பதை அது காட்டும்; எவ்வளவு இறுக்கமாக ஒட்டியிருக்கிறது என்பதைக் காட்டாது. மன்திக் கலை அதைக் கேட்டது: இது பொருளின் தாத்தைச் சேர்ந்ததா, வந்துசேர்ந்த அரழா? அதே கேள்வியை 2000ஆம் ஆண்டில், கணினிக்கான அறிவை ஒழுங்குபடுத்தும் துறையில், நிக்கோலா குவாரினோவும் கிறிஸ்தோபர் வெல்டியும் நுணுக்கமாக்கினார்கள்.

அவர்களுடைய வகுப்பை எங்கட உப்பளத்தில் வைத்துப் பார்ப்போம். உவர்ப்பு உப்புக்குச் சாரப் பண்பு. அது இல்லாவிட்டால் உப்பே இல்லை. களப்புத் தண்ணீருக்கு அப்படியல்ல. மாரியில் உவர் குறையும், கோடையில் ஏறும். தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். ஆகவே ஒன்றுக்குச் சாரமானது இன்னொன்றுக்குச் சாரமாக வேண்டியதில்லை. தன்னை உடைய அத்தனைக்கும் சாரமாக இருப்பதே இறுகிய பண்பு. ‘மனிதன்’ என்பது அப்படி. எவருக்குமே சாரமாகாதது இறுகாப் பண்பு. ‘மாணவன்’ அப்படி, ‘அகதி’யும் அப்படி. ஆள் இருக்க, அது கழன்றுவிடலாம்.

விடுதலைப் புலிகள் வட மாவட்டங்கள் ஐந்திலிருந்தும் ஏறக்குறைய 75,000 முஸ்லிம்களை விரட்டினார்கள். பெரும்பாலான சனம் புத்தளம், கல்பிட்டிப் பக்கம் வந்து ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கியது. பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ் தமது ஆங்கில நூலின் தலைப்பில் அவர்களை ‘முஸ்லிம் அகதிகள்’ என்றும் ‘மறக்கப்பட்ட மக்கள்’ என்றும் அழைத்தார். அங்கே அந்தச் சொல் ஒரு வழக்குரை. பார்க்காமல் இருந்தவர்களைப் பார்க்கச் சொன்னது.

பிறகு வந்த எழுத்துகள் பல வழக்கை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டன. இங்கேயே பிறந்து, இங்கேயே ஓதிப் படித்த பிள்ளையும் கதைக்குள் வந்தால் ‘அகதிப் பிள்ளை’தான். அதற்கு அழுவதைத் தவிர வேறு வேலை இல்லை. சண்டை பிடிக்காது, பகிடி விடாது. “உம்மா அகதியா வந்தாங்க சேர், நான் இங்கதானே பிறந்தேன்?” என்று என் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். நம் விமர்சகர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

அப்படியானால் எல்லாவற்றையும் மறந்துவிடுவதா? இல்லை. ‘அகதி’ கழரும், ‘வெளியேற்றப்பட்டவர்’ கழராது, நடந்தது நடந்ததுதான். ஆனால் கழராததெல்லாம் சாரமும் அல்ல. அந்த ஒக்டோபர் வராமலே போயிருக்கலாம். அந்த உம்மா அதே உம்மாவாகத்தான் இருந்திருப்பார். நீதி தங்கியிருப்பது இந்த வேறுபாட்டில். குணம் என்று எழுதினால் எவரிடமும் கணக்குக் கேட்க முடியாது. நேர்ந்தது என்று எழுதினால் செய்தவர் உண்டு, பறிபோன காணி உண்டு, திரும்பிப் போகும் உரிமை உண்டு. ஆகையால் எழுத வரும் இளையவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: ‘அகதி’ என்று எழுதும் இடத்தில், யார் எந்த வீட்டை விட்டு விரட்டப்பட்டார் என்று எழுதிப் பாருங்கள்.