கிடைத்ததும் தேடியதும்

கடல்வாழ் உயிர்களின் வகைகள் கடந்த 54 கோடி ஆண்டுகளில் எப்படிக் கூடின, எப்படிக் குறைந்தன என்பதைக் காட்டும் வளைகோடு ஒன்று தொல்லுயிரியல் பாடநூல்களில் இடம்பெறும். ஆர்டோவிசியன் காலத்தில் ஒரு பெரிய ஏற்றம். சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலத்தின் முடிவில், செங்குத்தான சரிவு. அங்கிருந்து சில இடறல்களோடு இன்றுவரை மீண்டும் ஏற்றம். பாறைகளில் கிடைத்த ஓடுகளை எண்ணி வரைந்த கோடு இது. சிப்பி, நத்தை, அம்மோனைட், பிரேக்கியோபாட் என்று சுண்ணாம்பு ஓடுடைய உயிர்களுக்கே அதில் பெரும்பங்கு. எந்த வகை எந்தக் கடலில் எந்தக் காலத்தில் இருந்தது என்று உலகெங்கும் உள்ள பதிவுகளைத் திரட்டி, எண்ணி, அதிலிருந்து உயிர்களின் வரலாற்றைச் சொல்லும் இந்த முறை அரை நூற்றாண்டாகக் கோலோச்சுகிறது. இது எந்தக் கேள்விக்கு நம்பத்தக்க விடை தருகிறது, எந்தக் கேள்வியில் நம்மை ஏமாற்றுகிறது என்பதைப் பிரித்துப் பார்க்கவேண்டும் என்பதே என் எண்ணம்.

முதல் கோட்டை 1860இல் வரைந்தவர் ஆங்கிலேய நிலவியலாளர் ஜான் பிலிப்ஸ். அதைப் பெருங்கணக்காக மாற்றியவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜாக் செப்கோஸ்கி. நூலகங்களில் இருந்த ஆய்வேடுகளைப் பல ஆண்டுகள் புரட்டி, ஒவ்வொரு கடலுயிர்க் குடும்பமும் முதலில் எப்போது தோன்றியது, கடைசியாக எப்போது காணப்பட்டது என்று 1982இல் ஒரு தொகுப்பை வெளியிட்டார். பிறகு பேரினங்களுக்கும் அதையே செய்தார். 1999இல் அவர் இறந்தார். ஏறத்தாழ 36,000 பேரினங்கள் கொண்ட அந்தத் தொகுப்பு 2002இல்தான் அச்சானது. தனியொருவரின் உழைப்பு இவ்வளவு தூரம் ஒரு துறையைத் தூக்கி நிறுத்தியது அபூர்வம். ஆனால் அத்தொகுப்பில் காலம் இருந்ததே தவிர, இடம் இல்லை. ஒரு சிப்பி பத்துக் கடல்களில் பரவியிருந்தாலும் ஒரே விரிகுடாவில் ஒடுங்கியிருந்தாலும் அதற்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி.

இடத்தைச் சேர்த்தால் இந்த முறை எவ்வளவு கூர்மை பெறும் என்பதற்கு 1993இல் டேவிட் ராப், டேவிட் ஜப்லான்ஸ்கி இருவரும் செய்த ஆய்வே எனக்குத் தெரிந்த சிறந்த சான்று. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியஸ் காலத்தின் முடிவில் நேர்ந்த பேரழிவு கடல்களை எங்கும் ஒன்றுபோலத் தாக்கியதா, வெப்பமண்டலத்தைக் கூடுதலாகத் தாக்கியதா என்பது கேள்வி. 340 சிப்பிப் பேரினங்கள் குறித்து உலகின் பல பகுதிகளிலிருந்து 3,514 பதிவுகளைத் திரட்டினார்கள். முதல் பார்வையில் வெப்பமண்டலத்தின் சில இடங்களில் அழிவு அதிகமாகத்தான் தெரிந்தது. கூர்ந்து பார்த்தபோது அந்தக் கூடுதல் முழுவதும் ரூடிஸ்ட் என்ற ஒரே கூட்டத்தால் வந்தது. கூம்பு வடிவ ஓட்டோடு வெதுவெதுப்பான ஆழமற்ற கடல்களில் திரளாக வளர்ந்த சிப்பிகள் அவை; ஒன்றும் மிஞ்சவில்லை. அவற்றை விலக்கிக் கணக்கிட்டால் வெப்பமண்டலத்துக்கும் மற்ற கடல்களுக்கும் வேறுபாடு காணோம். அழிவு உலகு தழுவியது.

இந்த விடையை நான் நம்புவதற்குக் காரணம் கேள்வியின் அமைப்பு. ஓரிடத்தில் எத்தனை வகை இருந்தது என்று அவர்கள் கேட்கவில்லை; இருந்ததில் எத்தனை பங்கு போயிற்று என்று கேட்டார்கள். ஓரிடத்தில் அதிகம் தோண்டினால் மொத்தம் கூடும்; அழிந்த பங்கு அந்த அளவுக்கு அசையாது. பங்கை அளக்கும் வேலையில் இம்முறை வலுவானது. மொத்தத்தை அளக்கப் போகும்போதுதான் சிக்கல்கள் வரிசைகட்டுகின்றன.

பாறையே முதல் சிக்கல். கடலடித்தட்டு தொடர்ந்து பூமிக்குள் அமிழ்ந்து அழிகிறது. ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஆழ்கடல் தரை அநேகமாக மிஞ்சவில்லை. நம் கையில் இருப்பது கண்டங்களின் விளிம்புக் கடல்களும் கண்டங்களுக்குள் புகுந்து வற்றிய ஆழமற்ற கடல்களும் விட்டுச்சென்ற படிவுகள் மட்டுமே. அவற்றிலும் பழையவை குறைவு, புதியவை அதிகம். ஆகவே இன்றைக்கு நெருங்க நெருங்க வகைகள் கூடுவதாகத் தெரிவது வெறும் பாறையின் அளவாக இருக்கலாம் என்று ராப் 1972இலேயே எச்சரித்தார். ஜேம்ஸ் வேலன்டைன் போன்றோர் ஏற்றம் உண்மையானது என்றார்கள். கடல்மட்டம் உயரும்போது படிவும் கூடும், சிப்பிக்கு வாழிடமும் கூடும். இரண்டுக்கும் ஒரே காரணம் இருக்கலாம் என்ற மூன்றாவது கட்சியும் உண்டு. எனக்கு இந்தக் கட்சி நியாயமாகப் படுகிறது, ஆனால் எந்தக் காலத்தில் எவ்வளவு என்பதை அது தனியே பிரித்துச் சொல்வதில்லை.

அடுத்தது ஓட்டின் வேதியியல். பல சிப்பிகளும் பெரும்பாலான நத்தைகளும் அரகோனைட் என்ற கனிமத்தால் ஓடு கட்டுகின்றன. அது எளிதில் கரையும். பிரேக்கியோபாட்களில் பெரும்பாலானவற்றின் ஓடும் ஆளிச் சிப்பியின் ஓடும் கால்சைட், அது நிற்கும். சுவீடனின் காட்லாந்துத் தீவில் உள்ள சிலூரியன் காலப் பாறைகளை ஆராய்ந்த லெஸ்லி செர்ன்ஸ், பால் ரைட் இருவரும் 2000இல் காட்டியது திடுக்கிட வைப்பது: ஓடுகள் சிலிக்காவாக மாறிப் பிழைத்த அடுக்கில் மெல்லுடலிகள் ஏராளம்; சாதாரணச் சுண்ணாம்பு அடுக்குகளில் அவை காணாமல் போயிருந்தன. அன்றைய கடலில் இருந்த கூட்டம் கடற்தரையிலேயே கரைந்திருக்கிறது. ஆனால் சூசன் கிட்வெல் 2005இல் சிப்பிகளின் நெடுங்கால வரலாற்றை எடுத்துப் பார்த்து, ஓட்டின் கனிமம் பெரிய போக்குகளை மாற்றவில்லை என்று முடிவு செய்தார். இரண்டும் மெய்யாக இருக்க முடியும். ஓர் அடுக்கில் கரைந்த பேரினம் உலகின் வேறோர் அடுக்கில் தப்பியிருந்தால், கோடி ஆண்டுக் கணக்கில் அதன் பெயர் தொலையாது. அந்தக் கடலில் அது இருந்ததற்கான தடயம் தொலையும். பட்டியல் பிழைக்கிறது, பரவல் படம் சிதைகிறது. பரவலைப் பேசுகிறவர்கள் கிட்வெல்லின் முடிவைக் காட்டி ஆறுதல் கொள்வதை ஏற்க முடியவில்லை.

சில அச்சங்கள் அளந்து பார்த்தபோது சுருங்கின என்பதையும் சொல்லவேண்டும். இன்று வாழும் கடலுயிர்களை நாம் நன்கு அறிவதால், அண்மைக்கால வகைகளின் எண்ணிக்கை செயற்கையாக வீங்கும் என்று கருதப்பட்டது. ஜப்லான்ஸ்கியும் அவருடைய குழுவினரும் 2003இல் சரிபார்த்தார்கள்: புதைபடிவப் பதிவுள்ள, இன்றும் வாழும் சிப்பிப் பேரினங்களும் துணைப்பேரினங்களும் 958, அவற்றுள் 906 கடந்த 53 லட்சம் ஆண்டுப் படிவுகளிலேயே கிடைக்கின்றன. வீக்கம் ஐந்து விழுக்காட்டு அளவுதான். குறையை ஊகித்துவிட்டு நகராமல் அதை எண்ணிப் பார்த்த இந்த நேர்மைக்காகவே இத்துறையை மதிக்கிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய குறை மனிதர்கள் தோண்டிய இடங்களின் கணக்கு. காசிமேட்டு ஏலத்தில் வந்திறங்கும் மீனை எண்ணினால் படகுகள் போன இடம்தான் தெரியும். போகாத கடலில் மீன் இல்லை என்று சொல்ல முடியாது. தொல்லுயிரியலில் படகுகள் பெரும்பாலும் ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் போயின. நுசைபா ராஜா, எம்மா டன் உள்ளிட்டோர் 2021இன் இறுதியில் வெளியிட்ட ஆய்வின்படி, முப்பது ஆண்டுகளில் உலகத் தொல்லுயிரியல் தரவுத்தளத்தில் சேர்ந்த புதைபடிவத் தரவில் 97 விழுக்காடு உயர் வருவாய், உயர்நடு வருவாய் நாடுகளின் ஆய்வாளர்கள் வழியாக வந்தது. இன்றைய கடல்களில் வகைகள் மிகச் செறிந்திருப்பது வெப்பமண்டலத்தில். அதன் பழங்காலமோ மிகக் குறைவாகத் தேடப்பட்டது.

நம் பக்கத்துக் கதையும் இதற்குள் இருக்கிறது. புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளின் கிரெட்டேசியஸ் ஓடுகளைக் கேயி, கன்லிஃப் என்ற அதிகாரிகள் சேகரித்தார்கள். 1846இல் அவற்றை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் லண்டனில் விவரித்தார். பிறகு இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1860களிலும் 1870களின் தொடக்கத்திலும் அரியலூர், ஊட்டத்தூர் அடுக்குகளின் உயிர்களை நுட்பமான படங்களோடு பெருநூல்களாக்கினார். அவர் ஐரோப்பிய இனங்களோடு அடையாளம் கண்ட அம்மோனைட்டுகள் பலவற்றை ஃபிரான்ஸ் காஸ்மட் 1895 முதல் 1898 வரை மறுஆய்வு செய்து மாற்றினார். இப்படிப் பெயர் மாறும்போது பரவல் படமும் மாறுகிறது: தென்னிந்தியாவிலும் பிரான்சிலும் இருந்ததாக எண்ணிய ஓர் உயிர் தென்னிந்தியாவுக்கு மட்டும் உரியதாகிவிடும். ஓடு அங்கேயேதான் கிடந்தது, மாறியது நம் ஒப்பீடு.

இக்குறைகளைச் சரிக்கட்ட ஜான் ஆல்ராயும் குழுவினரும் அதே தொல்லுயிரியல் தரவுத்தளத்தை வைத்து 2001இலும், 35 லட்சம் மாதிரிகளைக் கொண்டு 2008இலும் செய்த வேலை மதிப்புக்குரியது. ஒவ்வொரு காலத்திலிருந்தும் சம அளவு மாதிரியைக் குலுக்கலில் எடுத்து ஒப்பிட்டார்கள். பாடநூலின் மலைபோன்ற ஏற்றம் சிறு மேடாகத் தணிந்தது. ஆனால் மாதிரியின் எண்ணிக்கையைச் சமமாக்கியதால் இடத்தின் பரப்பு சமமாகிவிடாது. ஒரு காலத்துக்கு ஐந்து கண்டங்கள், இன்னொன்றுக்கு ஐரோப்பா மட்டும் என்றிருந்தால் குலுக்கல் என்ன செய்யும்? ரோஜர் க்ளோஸ் குழுவினர் 2020இல் சம பரப்புள்ள பகுதிகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஒரே காலத்திலேயே இடத்துக்கு இடம் பல்வகைமை பெரிதும் மாறியது. பவளத்திட்டு போன்ற கடல்திட்டுகள் இருந்த இடங்களில் அது கூடியிருந்தது. ‘உலகம் முழுவதற்கும் ஒரே கோடு’ என்ற ஆசையை இதோடு கைவிட்டிருக்க வேண்டும். பாடநூல்கள் இன்னும் விடவில்லை.

எந்தக் கணிதத்தாலும் தீராத ஒன்று மிச்சமிருக்கிறது: இல்லாமையை எப்படிப் படிப்பது? ட்ரைகோனியா குடும்பத்துச் சிப்பிகள் ஜுராசிக், கிரெட்டேசியஸ் கடல்களில் உலகெங்கும் வாழ்ந்தவை. கட்ச்சிலும் திருச்சிப் பகுதியிலும் கிடைக்கின்றன. முற்றிலும் அழிந்தவை என்று கருதப்பட்ட நிலையில், 1802இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் பெரோன் தாஸ்மானியா அருகே இன்றும் வாழும் உறவு ஒன்றின் ஓட்டைக் கண்டெடுத்தார். இன்று அவை ஆஸ்திரேலியக் கடல்களில் மட்டுமே இருக்கின்றன. கிரெட்டேசியஸுக்குப் பிந்தைய ஐரோப்பிய, அமெரிக்கப் படிவுகளில் அவை இல்லை என்பதை நான் ஐயமின்றி ஏற்கிறேன். அங்கே இருநூறு ஆண்டுகளாகச் சல்லடை போட்டுத் தேடியிருக்கிறார்கள். அதே ‘இல்லை’ ஆப்பிரிக்காவின் சரியாகத் தேடப்படாத ஒரு கரையைப் பற்றி வந்தால் அதற்கு எடையே கிடையாது. தரவுத்தளத்திலோ இரண்டும் ஒரே வெற்றிடமாகத்தான் தெரிகின்றன. பழைய நூல்களிலிருந்து ஏற்றப்பட்ட பதிவுகளில், யார் எத்தனை நேரம் எவ்வளவு பரப்பில் தேடினார்கள் என்ற விவரம் பெரும்பாலும் இல்லை.

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் இன்று சிமென்ட் ஆலைகளுக்குப் போகிறது. சுரங்கங்கள் புதிய அடுக்குகளைத் திறந்து காட்டுகின்றன, சில நாட்களில் அவற்றைக் கரைத்தும் விடுகின்றன. ஸ்டோலிச்கா காணாத ஆழத்தில் அடுக்கு அடுக்காகத் தேடி, கிடைத்த ஓடுகளை உள்ளூரிலேயே வைத்துப் பதிவுசெய்ய இதைவிட வாய்ப்பான காலம் வராது. வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமும் இருக்கிறது. கல்லங்குறிச்சி அடுக்கில் ஒரு நாள் முழுக்கத் தேடியும் ட்ரைகோனியா கிடைக்கவில்லை என்றால் அதையும் தேதி, பரப்பு, ஆள்கணக்கோடு எழுதிவைக்க வேண்டும். அடுத்து உலகக் கணக்குப் போடுகிறவருக்கு அந்த வரி இல்லாமல் தென்னிந்தியாவைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.