யாருடைய ஸ்ராலிங்? - 'ஹனிபல்' நாவலும் இரண்டாகப் பிரிந்த வாசகர்களும்

திகில் நாவல்களைப் பற்றி எழுதுவதற்கு எமது சிற்றிதழ்கள் பொதுவாக இடம் கொடுப்பதில்லை. 'வணிக எழுத்து' என்ற ஒற்றைச் சொல்லோடு அவற்றுக்கான கதவு சாத்தப்பட்டுவிடும். ஆயினும், இலட்சக்கணக்கான மனிதர்கள் ஒரு கதாபாத்திரத்தின் மறுவருகைக்காகப் பதினொரு வருடங்கள் காத்திருந்து, அது கைக்கு வந்ததும் தாம் ஏமாற்றப்பட்டதாகக் கோபம் கொள்கிறார்கள் என்றால், அந்தக் கோபம் எதைப் பற்றியது எனக் கேட்பது விமர்சனத்தின் வேலைதான். தோமஸ் ஹரிஸின் 'ஹனிபல்' (1999) அவ்வாறான கோபத்தைச் சம்பாதித்த நாவல். வெளிவந்து கால் நூற்றாண்டு கடந்தும் அதன் முடிவு பற்றிய வழக்கு தீரவில்லை. அந்த வழக்கில் இரு தரப்பாரும் பேசாமல் விட்ட ஒன்று உண்டு என்பது எனது வாதம்.

ஹரிஸ் பத்திரிகைச் செய்தியாளராக இருந்து நாவலுக்கு வந்த அமெரிக்கர். மிகக் குறைவாக எழுதுபவர். 1981இல் வந்த 'ரெட் டிராகன்' நாவலில் ஹனிபல் லெக்ரர் சிறைக்கூண்டுக்குள் இருக்கும் ஒரு துணைப்பாத்திரம் மட்டுமே. மனநல வைத்தியன், கொலைகாரன், நரமாமிசம் உண்பவன். 1988இல் வந்த 'த சைலன்ஸ் ஒவ் த லாம்ப்ஸ்' நாவலில் எவ்.பி.ஐ. பயிற்சி மாணவியான கிளாரிஸ் ஸ்ராலிங் அவன் முன்னால் வந்து அமர்கிறாள். அந்த இருவரின் உரையாடலே நாவலின் உயிர். ஜொனதன் டெமி 1991இல் அதனைப் படமாக்கினார். சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, தழுவல் திரைக்கதை என ஐந்து ஒஸ்கார் விருதுகளும் அதற்குக் கிடைத்தன. அன்ரனி ஹொப்கின்ஸின் முகமும் ஜோடி பொஸ்ரரின் முகமும் பாத்திரங்களின் முகங்களாகவே நிலைத்துவிட்டன. அந்த முகங்களை மனதில் வைத்துக்கொண்டே வாசகர்கள் அடுத்த நாவலைத் திறந்தார்கள்.

அடுத்த நாவலில் அவர்கள் கண்டது என்ன? ஏழு வருடங்கள் கழிந்த பின்னரும் ஸ்ராலிங் தனது திணைக்களத்தில் உயரவேயில்லை. நாவலின் ஆரம்பத்திலேயே ஒரு துப்பாக்கிச் சண்டையில், கையில் குழந்தையுடன் நின்ற ஒரு பெண்ணைச் சுட நேர்ந்து பத்திரிகைகளின் தூற்றலுக்கு ஆளாகிறாள். தனது இச்சைக்கு அவள் இணங்காததால் வன்மம் கொண்ட கிரென்ட்லர் என்ற நீதித்துறை அதிகாரி அவளது பாதையை மறித்து நிற்கிறான். லெக்ரரோ புளோரன்ஸ் நகரில் வேறு பெயரில் நூலகக் காப்பாளனாக வாழ்கிறான். அவனால் முகம் சிதைக்கப்பட்ட மேசன் வேர்ஜர் என்ற பெருஞ்செல்வந்தன், அவனைப் பன்றிகளுக்கு உயிருடன் இரையாக்கத் திட்டமிடுகிறான். இறுதியில் லெக்ரர் ஸ்ராலிங்கைத் தன் வசப்படுத்துகிறான். மருந்து, அறிதுயில், அவளது தந்தையின் எலும்புகள் எனப் பலவற்றைப் பயன்படுத்துகிறான். உயிருடன் இருக்கும் கிரென்ட்லரின் மூளை விருந்தாகப் பரிமாறப்படும்போது அவளும் உண்கிறாள். கடைசி அத்தியாயத்தில் இருவரும் புவனஸ் அயர்ஸ் நகரில் காதலர்களாக வாழ்கிறார்கள்.

வாசகர்கள் இரண்டாகப் பிளந்தனர். ஸ்ரீபன் கிங் நியூயோர்க் ரைம்ஸில் நாவலைப் பெரிதும் புகழ்ந்து, 'எக்ஸோர்சிஸ்ற்' நாவலுக்குப் பக்கத்தில் வைத்தார். ஹரிஸின் முன்னைய இரு நாவல்களையும் மதித்த மார்ட்டின் ஏமிஸ் இதனைக் கிழித்தெறிந்தார். நடிகை ஜோடி பொஸ்ரர் மீண்டும் அந்தப் பாத்திரத்தை ஏற்க மறுத்தார். 2001இல் ரிட்லி ஸ்கொட் எடுத்த படத்தில் ஜூலியான் மூர் நடித்தார். முடிவும் மாற்றப்பட்டது. படத்தின் ஸ்ராலிங் சட்டத்தின் பக்கமே நிற்கிறாள், லெக்ரருக்கும் தனக்கும் சேர்த்து விலங்கிடுகிறாள். அவன் தனது கையையே வெட்டிக்கொண்டு தப்புகிறான். ஆக, கோபம் கொண்ட வாசகர்களின் மனுவை ஹொலிவூட் ஏற்றுத் தீர்ப்பளித்தது எனலாம்.

கோபக்காரரின் வாதம் சுருக்கமானது: 'இவள் எங்கள் ஸ்ராலிங் அல்ல.' இவ்வகை உரிமைக்குரல் புதியதல்ல. 1893இல் கொனன் டொயில் ஷேர்லக் ஹோம்ஸைக் கொன்றபோது வாசகர்கள் பொங்கினார்கள். பத்து வருடங்களின் பின் அவர் ஹோம்ஸை உயிர்ப்பிக்க வேண்டியதாயிற்று. கிங் 1987இல் எழுதிய 'மிஸரி' நாவலில் ஒரு வாசகி, செத்துப்போன தன் கதாநாயகியை மீட்டுத் தரும்படி எழுத்தாளனைக் கட்டிலில் சிறைவைக்கிறாள். அதை எழுதியவர் ஹரிஸின் பக்கம் நின்றதில் ஆச்சரியம் இல்லை. எழுதியவனின் சுதந்திரம் என்ற அளவில் நானும் அந்தப் பக்கமே. ஆனால் வாசகரின் உரிமைக்குரலை வெறும் ரசிக வெறி என்று தள்ளவும் என்னால் முடியாது. வறிய வெள்ளைக் குடும்பமொன்றில் பிறந்து, தகப்பனை இழந்து, ஆண்களின் திணைக்களத்துக்குள் தன் உழைப்பை மட்டுமே நம்பி நுழைந்த பெண் அவள். எத்தனையோ பெண்கள் அவளில் தம்மைக் கண்டார்கள். அவளை ஒரு கொலைகாரனின் மேசையில் அமர்த்தியதைத் தமக்கு நேர்ந்த அவமதிப்பாக உணர்ந்தார்கள்.

மறுதரப்பு வேறு விதமாக வாசித்தது. நான் வேலை செய்யும் தொழிற்சாலையில், பொதிகட்டும் பகுதியில் என்னோடு நிற்கும் ஒரு பெண் இந்த நாவலை மொழிபெயர்ப்பில் படித்திருக்கிறாள். அவளுக்கு முடிவு பற்றி எந்த மனக்குறையும் இல்லை. "ஏழு வருஷம் மாடாய் உழைச்சாள், அவங்கள் அவளைக் குப்பையிலை போட்டாங்கள். பிறகு என்னத்துக்கு அங்கை நிக்க வேணும்?" என்பதே அவள் சொன்னதன் சாரம். பல மதிப்புரைகளில் நான் காணாத வர்க்கத் தெளிவு அந்தக் கேள்வியில் இருந்தது. நிறுவனத்துக்கு விசுவாசமாக இருப்பதே நேர்மை என நாம் ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? ஸ்ராலிங் தன் நேர்மையைக் கைவிடுவதற்கு முன்னரே அந்த நிறுவனம் அவளைக் கைவிட்டிருந்தது. இந்த அளவில் ஹரிஸின் முடிவு துணிச்சலானது.

ஆனால் அந்தத் துணிச்சலை அவரே பாதியில் விட்டுவிடுகிறார். நிறுவனத்தை விட்டு வெளியேறும் முடிவைத் தெளிந்த மனதோடு எடுக்க ஸ்ராலிங்கை அவர் அனுமதிக்கவில்லை. ஊசியும் அறிதுயிலும் குறுக்கே வருகின்றன. லெக்ரரின் திட்டத்தை ஓரிடத்தில் அவள் தன் போக்குக்குத் திருப்புகிறாள் என்பதும், மருந்தின் ஆதிக்கம் நெடுநாளைக்கு முன்பே நீங்கிவிட்டதென ஆசிரியர் பின்னர் சொல்லிவைக்கிறார் என்பதும் உண்மை. எனினும் வாசகருக்கு இரண்டு கணக்குகள் காட்டப்படுகின்றன. அவள் விரும்பிப் போனாள் என வேண்டுவோருக்கு ஒரு கணக்கு. மயக்கப்பட்டாள் என வேண்டுவோருக்கு இன்னொன்று. பிளவு வாசகரிடம் தொடங்கவில்லை, பிரதியிலேயே இருக்கிறது.

இரண்டாவது பெரிய முறைப்பாடு லெக்ரரின் கடந்தகாலம் பற்றியது. 1988 நாவலில் அவன் எந்த விளக்கத்தையும் ஏற்க மறுக்கிறான். தனக்கு ஏதோ நேர்ந்ததால் தான் இப்படி ஆனதாகச் சொல்லித் தன்னைச் சுருக்க வேண்டாம் என்கிறான். 1999இல் விளக்கம் வந்து சேர்கிறது. 1944இல் கிழக்குப் போர்முனை சரிந்தபோது லிதுவேனியாவில் பெற்றோரை இழந்த சிறுவன் அவன். பட்டினியில் கிடந்த படைத் தப்பியோடிகள் அவனது தங்கை மீஷாவைக் கொன்று தின்றுவிடுகிறார்கள். விளக்கம் வந்ததால் மர்மம் போயிற்று என்பதே வாசகரின் குறை. எனக்குக் குறை வேறு. அகதி விண்ணப்பம் செய்த எவருக்கும் 'உனக்கு என்ன நடந்தது?' என்ற கேள்வி தெரியும். நடந்ததைச் சொன்னால்தான் நாம் மனிதர் என ஏற்கப்படுவோம். சொன்ன பின்னரோ அந்தச் சம்பவமாக மட்டுமே பார்க்கப்படுவோம். யுத்தம் தின்ற குழந்தைப் பருவம் ஒன்று, பயங்கரமானவனுக்கான காரணச் சீட்டாக இங்கு ஒட்டப்படுகிறது. அவ்வாறான குழந்தைப் பருவத்தோடு வளர்ந்து, யாரையும் தின்னாமல், நாள்தோறும் வேலைக்குப் போய்வரும் மனிதர்களே பெரும்பான்மை. அவர்களுக்கு இந்த நாவலில் இடமில்லை.

இனி, இரு தரப்பாரும் பேசாமல் விட்டதற்கு வருகிறேன். 'லாம்ப்ஸ்' நாவலில் கொல்லப்பட்டவர்கள் மனிதர்கள். மேற்கு வேர்ஜீனியாவின் சிற்றூர் மரணச்சடங்கு நிலையமொன்றில், ஆற்றிலிருந்து எடுக்கப்பட்ட பெண்ணின் உடலைப் பரிசோதிக்கும் ஸ்ராலிங், அந்த உடலில் தன்னைப் போன்ற ஒருத்தியைக் காண்கிறாள். அந்த அத்தியாயத்தின் பயங்கரம் அதன் கருணையிலிருந்து வருகிறது. 'ஹனிபல்' நாவலிலோ முக்கியமாகச் சாகின்ற ஒவ்வொருவனும் சாகத் தகுந்தவனாகத் தயாரிக்கப்படுகிறான். மேசன் வேர்ஜர் குழந்தைகளைச் சீரழிப்பவன். கிரென்ட்லர் பெண்வெறுப்பாளன். பாற்சி என்ற பொலிஸ் அதிகாரி லெக்ரரைப் பணத்துக்கு விற்றவன். 1478இல் பாற்சி சதியின் பின் அவனது மூதாதை தூக்கிலிடப்பட்ட அதே வெச்சியோ மாளிகையிலிருந்து இவனும் தொங்கவிடப்படுகிறான். கொலைகாரன் மாறவில்லை, கொலையுண்டவரின் தரம்தான் இறக்கப்பட்டிருக்கிறது. அதனால் லெக்ரரின் கத்தி நமக்கு நீதியின் கத்தி போலத் தோன்றுகிறது. நாம் அஞ்சாமல் ரசிக்கிறோம்.

நான் படித்த மதிப்புரைகளில் ஸ்ராலிங்குக்காகக் கொதித்தவர்கள் பலர். கிரென்ட்லருக்காக ஒரு வரி எழுதியவர் இல்லை. அவன் அயோக்கியன்தான். ஆனால் அயோக்கியனின் மண்டை திறக்கப்படும்போது மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பது நாமும்தான்.

தமிழில் வாசிக்கும் எமக்கு இந்த இடம் பழக்கமானது. 1980களில் யாழ்ப்பாணத்து மின்கம்பங்களில் 'சமூக விரோதி' என்ற அட்டையோடு உடல்கள் கட்டப்பட்டிருந்தன. அவற்றைக் கடந்து பள்ளிக்கும் சந்தைக்கும் சென்றவர்கள் கேட்டது ஒன்றுதான்: "ஒண்டும் இல்லாமல் சுடுவினமே?" முதலில் அட்டை எழுதப்பட்டது, பின்னர் அதற்கேற்ற ஆள் தேடப்பட்டார். அட்டையைப் படித்தவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தச் சம்மதமே பின்னர் எத்தனையோ கொலைகளுக்கு வழிவிட்டது. ஒரு நாவலின் கொலையையும் ஊரின் கொலையையும் ஒன்றாக்க நான் முயலவில்லை. நாவலில் எவரும் சாவதில்லை. ஆனால் சம்மதம் பழக்கத்தால் வருவது. அந்தப் பழக்கத்துக்குக் கதைகளும் பயிற்சி தருகின்றன.

இதனால் 'ஹனிபல்' படிக்கக்கூடாத நூல் என்று சொல்ல வரவில்லை. புளோரன்ஸ் அத்தியாயங்களில் ஹரிஸின் கை இன்னமும் தேர்ந்த கைதான். அங்கே பாற்சியின் பேராசை படிப்படியாக வளர்வதை அவர் எழுதியுள்ள விதம், 'இலக்கியம்' என்று முத்திரை பெற்ற பல நாவல்களுக்கு இல்லாத நுட்பம் கொண்டது. அதனாலேயே அதனைக் கறாராக வாசிக்க வேண்டியிருக்கிறது. ஸ்ராலிங் எவருக்குச் சொந்தம் என்ற சண்டையைத் தொடர விரும்புவோர் தொடரட்டும். விசுவாசமா துரோகமா என்று பிரித்துப் பார்ப்பதில் எமக்கும் நீண்ட அனுபவம் உண்டு. அதைவிடக் கடினமான கேள்வி, நாம் வெறுக்கும் ஒருவன் கொல்லப்படும்போது எமது வாசிப்பு எங்கே நிற்கிறது என்பது. அதற்கு இந்த இதழின் வாசகர்கள் எழுதப்போகும் மறுப்புகளை எதிர்பார்க்கிறேன்.